சுழி அடையாத பித்தளைக் காசு

காரைக்குடியில் பாத்திரக் கடை வாசல்களில் உட்கார்ந்து பெயர் வெட்டியவர் என் அப்பா. செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் சாமான் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அண்டா, குத்துவிளக்கு, தூக்குச்சட்டி எதை எடுத்தாலும் ஓரத்தில் அந்த வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். தாத்தா பெயரின் முதல் எழுத்துகள், அப்பா பெயரின் முதல் எழுத்துகள், அப்புறம் பெயர். சின்ன உளி, சின்னச் சுத்தியல், ஒரு மணைக்கட்டை, இவ்வளவுதான் அப்பாவின் பட்டறை. நான் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கிறேன். அக்ரிலிக்கும் மரமும் வெட்டுவதற்காக மேசை மேல் வைக்கிற 3018 சி.என்.சி. ஒன்று வாங்கினேன், கணினி சொல்கிறபடி தானே நகர்ந்து வெட்டுகிற மெஷின். 300 மி.மீ.க்கு 180 மி.மீ. வேலைப் பரப்பு, 775 மோட்டார், பிட் என்கிற வெட்டுமுனையைக் கவ்வ ஈ.ஆர்.11 காலெட், ஓட்டத்தைக் கட்டுப்படுத்த ஜி.ஆர்.பி.எல். போர்டு என்று எல்லாரும் முதலில் வாங்குகிற அதே மெஷின்தான்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி கடைக்கு வந்தார். மகனுக்குச் சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம், வருகிற நெருங்கிய சொந்தங்களுக்கு ஆளுக்கொரு காசு கொடுக்க வேண்டும், 60 காசு. முடிச்சை அவிழ்த்து எட்வர்டு மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

"வெள்ளிக்கெல்லாம் போகலை தம்பி, பித்தளையே போதும். ஆனா கையில வாங்குனா இந்தக் கனம் தெரியணும். எழுத்தைக் கண்ணாடி போடாம படிக்கணும்."

அந்த ரூபாய் 11.66 கிராம், விட்டம் 30 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. வெள்ளியை விடப் பித்தளை லேசு. அதனால் அதே அளவில் செய்தால் கனம் குறைவாகத் தெரியும் என்று 35 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன் என்று முடிவு செய்தேன். கணக்குப் போட்டால் 20 கிராம் வந்தது. ஒரு பக்கம் வீட்டு முகப்பில் இருக்கும் கஜலட்சுமி, மறுபக்கம் விலாசமும் பெயர்களும் தேதியும். கனம் சுலபமாகக் கைக்கு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது எழுத்துதான்.

முதலில் 3 மி.மீ. பித்தளைத் தகடு வாங்கி, கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துருவிலேயே வெட்டிப் பார்த்தேன். வெட்டுப்பாதை போடும் மென்பொருளில் நேரடியாகத் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 'கொ' என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விடும். அதனால் இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் எழுதி, எழுத்தைக் கோடாக மாற்றி, பிறகுதான் வெட்டுப்பாதைக்கு அனுப்ப வேண்டும். இதைச் செய்தேன். முதல் துண்டு வெளியே வந்ததும் பளபளப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். அப்பா தன் லென்ஸை எடுத்துப் பார்த்தார்.

"ணகரத்துக்குக் கண்ணு போயிருச்சுப்பா. சுழி அடைஞ்சா அது எழுத்தில்ல, பொட்டு."

அவர் சொன்னது சரி. 3 மி.மீ. உயர எழுத்தில் ணகரத்தின் சுழிக்குள் இருக்கிற வெற்றிடம் அரை மில்லிமீட்டர்கூட வராது. ளகரத்துக்கு முன்னால் வருகிற இரட்டைச் சுழிக் கொம்பும், இகரத்தின் வயிறும் அதே மாதிரிதான். அந்த அரை மில்லிமீட்டரைக் காப்பாற்றுவதுதான் தமிழில் காசு செய்கிறவருடைய வேலை முழுக்க. பிட், ஆழம், தகடு, பிடிப்பு எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

நான் போட்டிருந்தது 60 டிகிரி வி-பிட். வி வடிவ முனை எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு அகலமாக வெட்டும். முனை 0.1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 0.2 மி.மீ. ஆழத்தில் 60 டிகிரி பிட் போடுகிற கோடு ஏறக்குறைய 0.33 மி.மீ. அகலம். 30 டிகிரி பிட் அதே ஆழத்தில் 0.21 மி.மீ.தான். தகடு ஒரு பக்கம் 0.1 மி.மீ. தூக்கியிருந்தால் 60 டிகிரியில் கோடு இன்னும் 0.11 மி.மீ. தடித்துவிடும், 30 டிகிரியில் அதில் பாதி. சுழி அடைந்ததற்குக் காரணம் இந்தக் கணக்கு. 30 டிகிரிக்கு மாறினேன். 20 டிகிரியும் கிடைக்கிறது, ஆனால் பித்தளையில் அதன் முனை சட்டென்று ஒடிகிறது. முனை ஒடிந்த பிட்டும் வெட்டிக்கொண்டேதான் இருக்கும், கோடுதான் தடித்துக்கொண்டே போகும். அதனால் பத்துக் காசுக்கு ஒருமுறை லென்ஸில் முனையைப் பார்ப்பது என்று வழக்கம் வைத்துக்கொண்டேன்.

பிட்டை மாற்றியும் எழுத்து அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. எழுத்துரு என்பது வெளிக்கோடு. ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு ஓரம் இருக்கிறது. இத்தனை சின்ன அளவில் மெஷின் அந்த இரண்டு ஓரத்தையும் தனித்தனியாக வெட்டினால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். வேண்டியது ஒற்றைக்கோட்டு எழுத்து. ஆங்கிலத்துக்கு அப்படி எழுத்துருக்கள் நிறைய இருக்கின்றன. தமிழில் எனக்கு மனசுக்குப் பிடித்த மாதிரி ஒன்றும் அகப்படவில்லை.

அன்றைக்கு இரவு அப்பாவிடம் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, காசில் வரவேண்டிய அத்தனை எழுத்தையும் பாத்திரத்தில் வெட்டுகிற மாதிரியே பெரிசாக எழுதித் தரச் சொன்னேன். அவர் எழுதும்போதுதான் நாற்பது வருஷ வேலை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். புத்தகத்தில் இருக்கிற விகிதத்தில் அவர் எழுதவே இல்லை. ணகரத்தில் சுழிகளைப் பெரிசாக விட்டார், நேர்க்கோட்டைக் குறுக்கினார். ழகரத்தின் வாலை உள்ளே சுருட்டாமல் கொஞ்சம் வெளியே நீட்டினார். டகரத்தைக் குட்டையாக்கி, மிச்சமான இடத்தைப் பக்கத்து எழுத்துக்குக் கொடுத்தார்.

"சுழிய முதல்ல வை. மீதி இருக்கிற இடத்துல கம்பு தானா உக்காந்துக்கும். புள்ளியக் கடைசியில ஒரே குத்து."

அந்தத் தாளை ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப்பில் பேனாக் கருவியால் எழுத்தின் நடுவில் ஒற்றைக் கோடாக ஒவ்வொன்றாகத் தடவி எடுத்தேன். இரண்டு இரவு ஆனது. மெய்யெழுத்துப் புள்ளியை வட்டமாக வரையாமல், பிட் ஒரே இடத்தில் நேராக 0.25 மி.மீ. இறங்கி ஏறுகிற மாதிரி வைத்தேன், அப்பா சொன்ன அதே ஒரே குத்து. வரையும் வட்டம் இந்த அளவில் கோணலாகும், குத்து எப்போதும் வட்டமாகவே விழும்.

இனி பித்தளை. கடையில் கேட்டால் கிடைக்கிற தகடு பெரும்பாலும் 63 பங்கு செம்பும் 37 பங்கு துத்தநாகமும் கலந்தது. வளைக்க, அடிக்க நல்லது. வெட்டும்போது இழுவையாக வரும், கோட்டின் இரண்டு கரையிலும் பிசிறு எழும்பும். அந்தப் பிசிறைத் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து தேயும். லேத் பட்டறைகளில் புழங்குகிற, ஐ.எஸ். 319 என்ற தர எண் கொண்ட பித்தளை ராடு வேறு ஜாதி. அதில் 3 சதவீதம் அளவுக்கு ஈயம் இருக்கிறது. சீவல் சுருளாமல் பொடிப்பொடியாக உதிரும், கரை கத்தியால் அறுத்த மாதிரி நிற்கும். தகட்டை விட்டுவிட்டு 35 மி.மீ. ராடு ஒன்றரை அடி வாங்கினேன், மூன்றே முக்கால் கிலோ இருந்தது. ஈயம் இருப்பதால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. காசை வாங்கிப் போகிறவரிடம், குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஆச்சியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

ராடைப் பில்லை பில்லையாக அறுத்துத் தர ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். அங்கே இருந்த பெரியவர் ஒரு காரியம் செய்தார், அதை யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அறுக்கும் முன்னால் ராடின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரே ஒரு நேர்க்கோடு கீறினார். அறுத்த பிறகு ஒவ்வொரு பில்லையின் விளிம்பிலும் அந்தக் கோட்டின் ஒரு துணுக்கு இருந்தது. வட்டப் பில்லைக்குத் தலை எது, கால் எது என்று கிடையாது. ஒரு பக்கம் வெட்டிவிட்டுத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் கோணலாக நிற்கும், எத்தனை கோணல் என்றும் தெரியாது. இப்போது அந்தக் கீறலைக் கீழ்ப்பக்கம் வைத்து ஒரு பக்கம் வெட்டி, இடவலமாகத் திருப்பி, மறுபடி கீறலைக் கீழே வைத்தால் போதும். நம்முடைய ரூபாய்க் காசும் அப்படித்தான், இடவலமாகத் திருப்பினால் பின்பக்கம் நேராகவே நிற்கும்.

பில்லையை அறுத்து எடுத்ததும் நடுவில் சின்ன மூக்கு ஒன்று நிற்கும். அதையும் எடுத்து இரண்டு பக்கமும் முகம் சீவி வாங்க வேண்டும். அறுவைச் சேதாரம் போக 72 பில்லை தேறியது.

பிடிப்பு. இதில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள், நானும் தோற்றேன். முதலில் பஞ்சு வைத்த இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினேன். பஞ்சு அமுங்கும். பிட் அழுத்துகிற இடத்தில் பில்லை தணிந்து, அடுத்த இடத்தில் எழும்பும். ஒரே வரியில் ஒரு எழுத்து ஆழமாகவும் அடுத்த எழுத்து மயிரிழையாகவும் வந்தது. நாலாவது பில்லை பாதியில் கழன்று சுழன்று, பிட்டை ஒடித்துக்கொண்டு என் சட்டையில் வந்து விழுந்தது. அதற்கப்புறம் கண்ணாடிக் கவசம் போடாமல் நான் மெஷினை ஓட்டியதில்லை. பித்தளைச் சீவல் ஊசி மாதிரி, கண்ணில் போனால் எடுப்பது கஷ்டம்.

சரியாக அமைந்தது இது. 10 மி.மீ. அக்ரிலிக் பலகையை மெஷின் மேசையில் திருகி, அந்த மெஷினைக் கொண்டே எட்டுக் குழி வெட்டினேன். ஒவ்வொன்றும் 35.1 மி.மீ. விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம். மேசை எப்படிச் சாய்ந்திருந்தாலும், மெஷின் தானே வெட்டிய குழியின் தரை அந்த மெஷினின் ஓட்டத்துக்குச் சமமாகத்தான் இருக்கும். குழிக்குள் பெயிண்டர்கள் ஒட்டுகிற காகித டேப், பில்லையின் அடியிலும் அதே டேப், இரண்டுக்கும் நடுவில் ஃபெவிக்விக் இரண்டு சொட்டு. அசையாது. முடிந்ததும் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினால் வந்துவிடும், டேப்பை உரித்தால் பில்லை சுத்தமாக இருக்கும். குழியின் ஓரத்திலேயே கீறலுக்கு நேராக ஒரு அடையாளக் கோடும் வெட்டி வைத்தேன். பலகையின் மூலையில் 1 மி.மீ. துளை ஒன்று போட்டேன், அதன் அருமை பிறகு தெரிந்தது.

இவ்வளவு செய்தும் பில்லையின் முகத்தில் 0.02, 0.03 மி.மீ. ஏற்ற இறக்கம் இருக்கும். பித்தளை மின்சாரம் கடத்துவது இதற்கு உதவி. போர்டில் தொடுவதைக் கண்டுபிடிக்கிற ப்ரோப் முனைகளில் ஒரு வயரைப் பிட்டிலும் இன்னொன்றைப் பில்லையிலும் கவ்வவிட்டால், பிட் தொட்ட நொடியில் மெஷின் உயரத்தைக் குறித்துக்கொள்ளும். மெஷினை ஓட்டுகிற கேண்டில் மென்பொருளில் ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 25 இடம் தொட்டு உயர வரைபடம் எடுத்து, அதன்படி வெட்டுப்பாதையை ஏற்றி இறக்கச் சொல்லலாம். இதை ஒவ்வொரு பில்லைக்கும் தனியாகச் செய்ய வேண்டும். மூன்று நிமிஷம் கூடுதல் ஆகும். முதல் எட்டுக் காசில் சோம்பல்பட்டு ஒரே வரைபடத்தை எல்லாவற்றுக்கும் வைத்ததில் இரண்டு காசில் ளகரம் அடைந்துபோனது.

வேகத்தைப் பொறுத்தவரை பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மோட்டார் முழு வேகம், 10,000 சுற்றுக்குப் பக்கம். நிமிஷத்துக்கு 150 மி.மீ. நகர்வு, இறங்குவது 40 மி.மீ., ஒரு தடவைக்கு 0.1 மி.மீ. ஆழம், இரண்டு தடவை. எண்ணெய் விடவில்லை. விட்டால் பொடி கோட்டுக்குள் சேறு மாதிரி அப்பிக்கொள்கிறது. பழைய பெயிண்ட் பிரஷால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன்.

கஜலட்சுமிக்கு வருகிறேன். முதலில் புடைப்பாகச் செய்யத்தான் ஆசைப்பட்டேன். வீட்டு முகப்புச் சுதை உருவத்தைப் படம் எடுத்து, உயரத்துக்கு ஏற்பக் கறுப்பு வெள்ளைச் சாயலாக வரைந்து, சின்ன உருண்டை முனை பிட்டால் 0.08 மி.மீ. இடைவெளியில் வரிவரியாகச் சீவிப் பார்த்தேன். யானையின் துதிக்கை வளைவு கூட வந்தது. அழகுதான், ஆனால் ஒரு காசுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். 60 காசுக்கு 105 மணி நேரம் அந்தச் சின்ன மோட்டார் தாங்காது. கார்பன் பிரஷ் தேய்ந்துபோகும். ஆகவே அம்மனைக் கோட்டோவியமாக மாற்றினேன். இரண்டு யானை, தாமரை, நடுவில் அம்மன், அதே 30 டிகிரி பிட்டில் 22 நிமிஷம். புடைப்பாக வெட்டிய ஒன்றைச் சாந்தி செய்துகொள்கிற தம்பதிக்கு மட்டும் தனியாக வைத்தேன். எண்ணிக்கை வேண்டிய இடத்தில் கோடு, ஒற்றைப் பொருளுக்குப் புடைப்பு. இந்த அளவு மெஷினில் நான் இனி இப்படித்தான் செய்வேன்.

நடுவில் ஆச்சியின் பேரன் ஒருவர், பின்பக்கம் சிங்க முத்திரையும் 'அறுபது ரூபாய்' என்றும் போட்டால் நன்றாக இருக்குமே என்று கேட்டார். ஆசையாகத்தான் கேட்டார், முடியாது என்று சொன்னேன். நான்கு சிங்கச் சின்னத்தை இஷ்டத்துக்குப் போட 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. பணமாகப் புழங்குவதற்கென்று உலோகத் துண்டு செய்வதை 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் குற்றம் என்கிறது. மதிப்பு போடாதீர்கள், 'ரூபாய்' என்ற சொல்லே வேண்டாம், புழக்கத்தில் இருக்கிற காசின் சாயலும் வேண்டாம். நினைவுக் காசு நினைவுக் காசாகவே தெரியட்டும். அவருக்கும் புரிந்தது, சிங்கத்துக்குப் பதில் ஓரத்தில் ஒரு முத்து வரிசை போட்டோம். பார்க்க அதுதான் லட்சணமாக இருந்தது.

முப்பத்தோராவது காசு ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. இந்த மெஷின் தான் எங்கே நிற்கிறது என்பதை மறந்துவிடும். ஓட்டத்தின் எல்லையைக் காட்டுகிற லிமிட் ஸ்விட்சும் என்னுடையதில் இல்லை. கரண்ட் வந்ததும் மூலைத் துளைக்குள் பிட் முனையை மெதுவாக இறக்கி, அதை வைத்து, அளவு தொடங்குகிற பூஜ்யத்தைத் திரும்பப் பிடித்தேன். அந்தக் காசையும் அதற்குப் பின் வந்தவற்றையும் காப்பாற்றியது அந்த ஒரு மில்லிமீட்டர் துளைதான். மறுநாள் கடையில் கணினிக்கு வைத்திருந்த யு.பி.எஸ்.ஸை மெஷினுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். சின்ன மெஷின்தான், அரை மணி நேரம் இழுக்கிறது, ஓடுகிற காசு முடிந்துவிடும்.

மெருகு வேலை வீட்டுத் திண்ணையில் நடந்தது. முதலில் வெட்டிய கோடுகளில் கறுப்பு எனாமல் பெயிண்டைத் துணியால் அழுத்தித் தேய்த்து நிரப்பி, ஒரு முழு நாள் காய வைத்தோம். அப்புறம் தடிமனான கண்ணாடிப் பலகை மேல் வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் தெளித்து, காசைக் கவிழ்த்து எட்டு வடிவில் தேய்த்தோம். 600, 1000, 2000 என்று சொரசொரப்பு குறைகிற வரிசையில். மேலே நிற்கிற பெயிண்ட் போய், கோட்டுக்குள் இருப்பது மட்டும் கறுப்பாக நிற்கும். விரலில் வைத்துத் தேய்த்தால் ஓரம் உருண்டு, ஓரத்து எழுத்து மங்கிவிடும். சமதளம் வேண்டுமென்றால் கண்ணாடியை விட மலிவானது இல்லை. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பதும் கண்ணாடி மேல்தான், அந்த வழவழப்பு அங்கிருந்து வருகிறது.

வார்னிஷ் அடிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். இந்த வீடுகளில் பித்தளையை எப்படி வைத்துக்கொள்வது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுத்தால் புளித் தண்ணீரில் நனைத்துத் துணியால் துடைத்தால் போதும், நார் போட்டு அழுத்திவிடக் கூடாது. வார்னிஷ் அடித்தால் அது ஒரு இடத்தில் உரிந்து திட்டுத் திட்டாகக் கறுக்கும்.

72 பில்லையில் ஏழு போனது. ஆச்சிக்கு 60, தம்பதிக்கான புடைப்புக் காசு ஒன்று, மீதி நாலு என்னிடம். கூலி கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று: பித்தளை விலையையும் லேத் கூலியையும் மட்டும் வைத்து விலை சொல்லாதீர்கள். ஒரு காசுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து மெஷின் நேரம் 40 நிமிஷத்தைத் தாண்டியது, மெருகு 15 நிமிஷம். வடிவம் வரைந்த இரவுகளைத் தனியாக எழுதி, அதை எண்ணிக்கையால் வகுத்துச் சேருங்கள். பத்துக் காசு கேட்பவருக்கும் அறுபது கேட்பவருக்கும் ஒரே விலை சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

கொடுக்கப் போன அன்று அப்பாவும் வந்தார். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், தூண் பக்கத்தில் ஆச்சி உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, ஒரு காசை வெளிச்சத்துக்குத் திருப்பி ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். விலாசத்தில் வந்ததும் நிறுத்தி, "இது நம்ம வீட்டு அண்டாவுல இருக்கிற எழுத்தாட்டம் இருக்கே" என்றார். உள்ளே ஆள் அனுப்பி அண்டாவைக் கொண்டுவரச் சொன்னார். அப்பா பார்த்துவிட்டு, "நான் வெட்டினதுதான் ஆச்சி" என்றார்.

இப்போது அடுத்த வேலை வந்திருக்கிறது. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில் பெயரிலும் ஒவ்வொரு காசு. இலுப்பைக்குடி, மாத்தூர், நேமம் எல்லாம் ஓரத்து வளைவில் சுலபமாக உட்கார்ந்துவிட்டன. இளையாற்றங்குடிதான் சிக்கல். முதல் எழுத்திலேயே இகரத்துக்கு வயிறு, அடுத்ததற்கு இரட்டைச் சுழி. வளைவில் எழுத்தின் அடிப்பக்கம் நெருங்குவதால் சுழி இன்னும் சுருங்குகிறது. 2.8 மி.மீ.யில் அடைந்துவிட்டது. அப்பா தாளில் லகர ளகரங்களை மேலே கொஞ்சம் அகட்டி வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறார். மிச்சமிருந்த நாலு பில்லையில் ஒன்றின் முகத்தைச் சீவி, 3.2 மி.மீ.யில் இன்றைக்குக் காலையில் வெட்டினேன். லென்ஸில் பார்த்தால் இரண்டு சுழியிலும் பித்தளை தெரிகிறது.